தெரிந்தெடுத்தவர்களுக்கு ஒரு புகழுரை

இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்ரோபர் 6. அன்று பிள்ளைகள் வெற்றிலை கொடுத்துக் காலில் விழுந்து கும்பிடுவார்கள். மேடையில் யாராவது ஒருவர், ஆசிரியம் தொழிலல்ல, சேவை என்று பேசுவார். அந்தப் பேச்சோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் புகழத்தான் வந்திருக்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும் 'இன்டர்நெஷனல்' என்று பலகை போட்ட பாடசாலைகள் இருக்கின்றன. அங்கே படிப்பிக்கிற மிஸ்மாரையும் சேர்மாரையும் புகழப்போகிறேன். ஏன் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தீர்கள் என்று அவர்களைக் கேட்டால் வருகிற ஒவ்வொரு விடைக்கும் ஒரு புகழ் இருக்கிறது. நான் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சொல்லச் சொல்ல அந்தப் புகழ் வேறு சிலர்மேல் பழியாக இறங்குமானால், அதைத் துடைப்பது அவர்கள் வேலை.

முதலில் இந்தப் பாடசாலைகளைத் தொடங்கியவர்களின் துணிவைப் புகழவேண்டும். 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் அரசு உதவிபெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றைப் பொறுப்பேற்றது. 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்கவும் முடியாதென்று சட்டம் சொன்னது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஆங்கிலம் தெரிந்தவனுக்கே வேலை என்ற காலம் வந்தது. அப்போது சிலர் சட்டத்தைக் கவனமாகப் படித்தார்கள். பாடசாலையாகப் பதிய முடியாததைக் கம்பனியாகப் பதியலாம் என்று கண்டுகொண்டார்கள். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் மாறவில்லை. 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், மற்றக் கம்பனிகளைப் போலவே இவையும் பதிவாகின்றன. கல்வி அமைச்சின் நேரடி மேற்பார்வை இவற்றைத் தொடுவதில்லை.

இதனால் நடந்த நன்மையை மறைக்கக் கூடாது. 1983 யூலைக்குப் பிறகும் 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த பிறகும் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும் வாடகை அனெக்ஸ்களிலும் தங்கின. கொழும்பில் பேரெடுத்த அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் உறுதி, வாடகை ஒப்பந்தம், மின்கட்டணச் சிட்டை, வாக்காளர் இடாப்பில் பெயர் என்று ஒரு கட்டுக் கடதாசி வேண்டும். பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கும் புள்ளி உண்டு. ஊரையே விட்டுவந்தவர்களிடம் அந்தக் கடதாசி எங்கே இருக்கும்? கம்பனிப் பாடசாலை அதைக் கேட்கவில்லை. கட்டணத்தை மட்டும் கேட்டது. அகதியாய் வந்த பிள்ளைக்கு அரசு திறக்காத கதவை ஒரு கம்பனி திறந்தது. அந்தக் கதவைத் திறந்தவர்களுக்கு என் நன்றி முழு மனத்தோடு. இலவசக் கல்வி தருகிறோம் என்று சொல்லும் அரசு அந்த நன்றியைத் தன் காதால் கேட்கவேண்டும்.

இனி ஆசிரியர்கள்.

பட்டதாரிகளின் பொறுமையை முதலில் சொல்கிறேன். பல்கலைக்கழகம் முடித்து, அரச நியமனத்துக்கு விண்ணப்பித்து, கோட்டை புகையிரத நிலையத்துக்கு முன்னால் பதாகை பிடித்து நின்று, பிறகு வீட்டுக்கு வந்து அடுத்த வர்த்தமானி அறிவித்தலுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் இந்த நாட்டில் எப்போதும் இருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கும்போது பக்கத்து ஒழுங்கையிலுள்ள இன்டர்நெஷனல் ஸ்கூலில் சேர்கிறார்கள். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டால், "சும்மா வீட்டில இருக்கேலாதே" என்பார்கள். வேறு விடை வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் வகுப்பறைக்குள் போனபிறகு அவர்கள் சும்மா இருப்பதில்லை. கணித ஆசிரியர் விலகிப்போனால், விஞ்ஞானம் படித்தவள் கணிதத்தையும் சேர்த்து எடுக்கிறாள். தற்காலிகமாக வந்தவர்கள் நிரந்தரமானவர்களைப் போல் உழைக்கிறார்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிறுத்திவைத்த நாட்டுக்கு இதைவிடப் பெரிய பரிசை யாரும் கொடுத்ததில்லை.

ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர்கள் இன்னொரு கூட்டம். லண்டன் ஓ.எல்., லண்டன் ஏ.எல். என்னும் பிரித்தானியப் பரீட்சைகளை எடுத்துவிட்டு, தாங்கள் படித்த பாடசாலைக்கே ஆசிரியராக வருகிறார்கள். ஆசிரியப் பயிற்சிக்கென்று நாட்டில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை. அவற்றுக்கு ஆள் எடுப்பது உள்ளூர் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றை வைத்து. எனவே லண்டன் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. வேறெங்காவது காசு கட்டி டிப்ளோமா படிக்கலாம். படிக்காமலும் வகுப்புக்குப் போகலாம், தடுக்க யாருமில்லை. பத்தொன்பது வயதில், பயிற்சி எதுவும் இல்லாமல், இருபத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்கிற அந்தப் பெண்ணின் தைரியத்தை நான் மெச்சுகிறேன். தன்னைத் தானே பயிற்றிக்கொள்கிறாள். தன் ஆசிரியர்கள் செய்ததை நினைத்து நினைத்துச் செய்துபார்க்கிறாள். மூன்றாம் ஆண்டில் நல்ல ஆசிரியையாகிவிடுகிறாள். முதல் இரண்டு ஆண்டுகளில் அவளிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர், நல்ல ஆசிரியைக்குரிய கட்டணத்தைத்தான் முழுதாகச் செலுத்தியிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வருகிறார்கள். அரச பாடசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்பித்து, அறுபது வயதில் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள். வெண்கட்டி பிடித்த கை அவர்களுக்குச் சும்மா இருக்காது. எந்தப் பாடத்தையும் எந்தப் பிள்ளைக்கும் அதன் போக்கில் விளங்கவைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களை அப்படி ஆக்கியது அரசின் பயிற்சிக் கல்லூரிகளும் அரசின் சேவைக்கால வகுப்புகளும் மக்கள் கட்டிய வரியும். அந்தச் செலவு முழுவதையும் நாடு செய்துமுடித்தபின், விளைந்த கனியைக் கம்பனி தன் விளம்பரத்தில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழாம்' என்று போடுகிறது. அந்த மூத்தவர்களுக்கு ஓய்வூதியம் இருப்பதால் சம்பளத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அவர்களுடைய பெருந்தன்மை மெய்யானது. ஆனால் அவர்கள் கேட்காமல் விட்ட தொகைதான், பக்கத்து வகுப்பிலிருக்கும் இளையவளின் சம்பளத்துக்கும் அளவுகோலாகிவிடுகிறது.

ஆசிரியைகளாக இருக்கும் தாய்மாரைத் தனியாகப் புகழவேண்டும். கொழும்பில் இந்தப் பாடசாலைகளைத் தாங்கிநிற்பது அவர்கள்தான். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம், பிள்ளையோடு போய்ப் பிள்ளையோடு திரும்பலாம், ஆசிரியையின் பிள்ளை என்றால் பல இடங்களில் கட்டணத்தில் கழிவும் உண்டு. இந்த மூன்று காரணங்களும் சேர்ந்தால் சம்பளச் சிட்டையில் என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டியதில்லை என்று குடும்பம் முடிவெடுத்துவிடுகிறது. அப்படியொரு தாய் காலையில் சமைத்து, மூன்று சாப்பாட்டுப் பெட்டி கட்டி, சேலைக்குப் பின் குத்தி, ஏழரைக்கு வாசலில் நிற்கிறாள். இடைவேளையில் விளையாட்டிடத்தைப் பார்க்கிறாள். விட்டபிறகு வான் ஏறும் பிள்ளைகளைப் பார்க்கிறாள். மாலையில் இசைவிழா ஒத்திகை, இரவில் கொப்பி திருத்தல், அதோடு பெற்றோரின் வட்ஸ்அப் கேள்விகள். பத்து மணிக்கு ஒரு தாய், நாளைக்கு என்ன நிற உடுப்பு என்று கேட்டால், அதற்கும் ஒரு பூப்படத்தோடு பதில் போகிறது. இந்த வேலைகள் எதுவும் நியமனக் கடிதத்தில் இல்லை. நியமனக் கடிதமே இல்லாத இடங்களும் உண்டு. கடிதம் இல்லாமலே இவ்வளவு கடமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறவளுக்கு எந்தப் புகழ் போதும்?

சட்டம் அவளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவளுடைய சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியிடமிருந்து 12 சதவீதமும் போகவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்டவேண்டும். 1983இன் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, விலகும்போது ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கவேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளமும் உண்டு; 2025 ஏப்ரலிலிருந்து அது 27,000 ரூபாவாக்கப்பட்டது. இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் பாடசாலைகள் இருக்கின்றன. அதை அவற்றின் ஆசிரியர்களே வெளியில் பெருமையாகச் சொல்கிறார்கள். சட்டப்படி நடப்பதே பெருமையாகச் சொல்லவேண்டிய செய்தியாகிவிட்டதென்றால், சொல்லாதவர்களின் நிலை தானாகவே தெரிகிறது. ஆண்டுதோறும் ஒப்பந்தத்தை முடித்துப் புதிதாக எழுதவைக்கிற இடங்களில் ஐந்தாவது ஆண்டு வருவதேயில்லை. விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் இல்லையென்று சொல்லும் இடங்களில் ஆசிரியை அந்த மாதத்தில் ரியூசன் கொடுத்துச் சமாளிக்கிறாள். அவள் யாரிடமும் முறையிடுவதில்லை. அவளுக்குச் சங்கம் இல்லை. அடக்கம் என்று அதைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தெருவின் நாலு பாடசாலைகளும் ஒன்றையொன்று அறிந்தவை. ஓரிடத்தில் வாய் திறந்தால் மற்ற மூன்று இடங்களும் மூடிக்கொள்ளும் என்பது அந்த அடக்கத்துக்குள் இருக்கிறது.

பெற்றோரை விட்டுவிட்டால் புகழ் நிறைவாகாது. தமிழ்ப் பெற்றோரின் கல்விப் பற்றை உலகமே அறியும். வீடும் காணியும் போனாலும் படிப்புப் போகக்கூடாது என்று பிடித்துநின்ற சனம் நாங்கள். வெள்ளவத்தையில் மூன்று அறை வீட்டின் வாடகையையும் பாடசாலைக் கட்டணத்தையும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சித்தப்பாமாரும் மாமாமாரும் இரட்டை வேலை செய்து அனுப்பியிருக்கிறார்கள். அனுமதிக்கு முன் நாங்கள் நல்லாக விசாரிப்போம். குளிரூட்டிய வகுப்பா, நீச்சல் உண்டா, எத்தனை பேர் 'ஏ' எடுத்தார்கள், எந்தப் பரீட்சைச் சபை, வான் எந்த வழியால் வரும். இவ்வளவு கேட்கிற நாங்கள், படிப்பிக்கிறவர் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார், அவருடைய சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று கேட்டதில்லை. ஆசிரியர் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறாரென்றால் பிள்ளையிடம், "புது மிஸ் நல்லவவோ?" என்று மட்டும் விசாரிக்கிறோம். பழைய மிஸ் ஏன் போனார் என்பது எங்களுக்குக் கேள்வியாகப் படவில்லை.

பின்னேரம் அதே பிள்ளையை ரியூட்டரிக்கு அனுப்புகிறோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். சப்பாத்துகள் வாசலில் குவிந்திருக்கும். ஒரு பாடத்துக்கு இரண்டு தடவை காசு கட்டுகிற எங்கள் தாராளம் பெரிது. காலையில் கட்டுகிற காசில் ஆசிரியருக்கு எவ்வளவு போகிறதென்று அறிந்து, அதைக் கூட்டித்தரும்படி நிர்வாகத்திடம் ஒருமுறை ஒன்றாகப் போய்க் கேட்டிருந்தால், மாலைக் காசில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கும். பிள்ளைக்கும் விளையாட ஒரு மணித்தியாலம் கிடைத்திருக்கும்.

அரசின் புகழையும் சொல்லவேண்டும், அது உண்மையில் பெரிய புகழ். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்ரோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அப்போது ஒரு குடியேற்ற நாடு, பல்கலைக்கழகம் வரைக்கும் கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதன் பலன் போய்ச்சேரப் பல பத்தாண்டுகள் எடுத்தன என்ற குறை உண்டு. என்றாலும் பலர் எண்ணத் துணியாததைச் செய்த நாடு இது. அன்றைய துணிவை நினைத்து இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. இன்றைய அரசுகள் அந்த நாளைக் கொண்டாடிப் பேசும்போது, போரும் வறுமையும் இருந்த காலத்தில் முடிந்தது பிறகு ஏன் முடியாமற் போனது என்று கேட்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

அரச ஆசிரியர்களையே பாருங்கள். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 யூலை 12இலிருந்து நூறு நாளுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கை வாங்கினார்கள். மிச்சத்தைக் கேட்டு 2024 யூன் 26இல் கொழும்புக்கு வந்தபோது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் கிடைத்தன. நாடு வங்குரோத்தான 2022இல், அரச ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசே சுற்றறிக்கை விட்டது, ஆசிரியர்களும் போனார்கள். அவர்கள் போராடிய அந்த நூறு நாளிலும் கம்பனிப் பாடசாலை மிஸ் தன் காசில் டேட்டா போட்டுக் கைத்தொலைபேசியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நிறுத்தினாலும் அவள் இடத்தில் வேறொருத்தி இருப்பாள். இரண்டு வகை ஆசிரியர்களும் ஒரே நகரத்தில், ஒரே அரிசி விலையில் வாழ்கிறார்கள். போராட முடிந்தவருக்கே அவ்வளவுதான் கிடைத்ததென்றால், போராட முடியாதவருக்காகச் சட்டம் பேசியிருக்கவேண்டும். சர்வதேச பாடசாலைகளை ஒழுங்குபடுத்துவோம் என்று மாறிமாறி வந்த அரசுகள் சொல்லிவந்திருக்கின்றன. சொல்வதில் அவை களைத்ததேயில்லை.

ஒழுங்குபடுத்தல் எப்படி இருக்கலாம் என்பதற்கு, அமெரிக்காவில் சார்ட்டர் பாடசாலை என்று ஒன்று உண்டு. மினசோட்டா மாநிலம் 1991இல் அதற்குச் சட்டம் போட்டது; அடுத்த ஆண்டில் முதல் பாடசாலை திறந்தது. அரசின் காசு, பிள்ளைக்குக் கட்டணமில்லை, நிர்வாகத்துக்குச் சுதந்திரம்; ஆனால் குறித்த காலத்துக்கொருமுறை கணக்குக் காட்டி அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். அதை 1988இலேயே பேசிப் பரப்பியவர்களில் ஒருவர் ஆசிரியர் சங்கத் தலைவர் அல்பேர்ட் ஷாங்கர். ஆசிரியர்களே புதுமுறைகளைச் செய்துபார்க்கும் இடமாக அதை அவர் நினைத்தார். பின்னர் இலாபம் தேடுகிறவர்களின் கைக்கு அது போவதைக் கண்டு, சில ஆண்டுகளிலேயே அவர் எதிர்த்தார். அங்கேயும் இளம் ஆசிரியர்கள் களைத்து விலகிப்போவதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். என்றாலும் அங்கே அனுமதி தந்தவர் யார், அதை மீளப்பெற வல்லவர் யார் என்று பெற்றோருக்குத் தெரியும். எங்களுடைய பாடசாலை தன் ஆண்டு விவரத்திரட்டைக் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்புகிறது. அவர் பிள்ளை வாசிக்கப் பழகியதா என்று பார்க்கிறவர் அல்லர்.

கம்பனிப் பாடசாலைகளுக்கு வெளியிலும் புகழவேண்டியவர்கள் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ற் கல்லூரி உண்டு, கன்னியர் நடத்தும் பழைய பாடசாலை உண்டு, விவேகானந்தா கல்லூரி உண்டு. அவற்றுக்கிடையே, துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற சின்ன அரச தமிழ்ப் பாடசாலைகளும் உண்டு. அங்கே விரும்பிப்போய், இடமாற்றம் கேட்காமல், தமிழ்மொழிமூலம் கணிதமும் விஞ்ஞானமும் எடுக்கிறவர்களை இந்தப் புகழுரையின் உச்சியில் வைக்கிறேன். காசுள்ள குடும்பங்களாகிய நாங்கள் கம்பனிப் பாடசாலைக்குப் போனபோது, குரல் எடுத்துக் கேட்கக்கூடிய பெற்றோரும் கூடவே போய்விட்டார்கள். அதிபரிடம் சண்டைபிடிக்கவும் வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதவும் தெரிந்தவர்கள் அந்தப் பாடசாலைகளில் குறைந்துவிட்டார்கள். இருந்தும் அந்த ஆசிரியர்கள் நிற்கிறார்கள். நாங்கள் விட்டுவந்த பிள்ளைகளை அவர்கள் விடவில்லை. இதைச் சொல்லும்போது என் போன்றவர்கள் தலைகுனியத்தான் வேண்டும்.

இவர்கள் எல்லாரும் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார்கள் என்று சொல்கிறோம். பிள்ளைகள்மேல் அன்பு அவர்களுக்கு இருக்கிறது. சிறிய வகுப்பு, கேள்வி கேட்கும் பிள்ளை, தன் விருப்பப்படி பாடத்தை நடத்தும் சுதந்திரம் ஆகியவையும் அவர்களை இழுக்கின்றன. அவை நல்ல காரணங்கள். ஆனால் அந்த நல்ல காரணங்களுக்காக மட்டும் வந்தவர் யார், வேறு கதவு இல்லாமல் வந்தவர் யார் என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாதபடி வைத்திருப்பதில் உரிமையாளருக்கு இலாபம், அரசுக்குச் சிக்கனம், பெற்றோருக்கு வசதி.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. பாடசாலையாக நடக்கும் கம்பனியைப் பாடசாலையாகவே பதிவதற்கு ஒரு சட்டம் வேண்டும். அங்கே படிப்பிக்கிறவரின் பெயரும் தகைமையும் அதில் பதியப்படவேண்டும். வேலை செய்துகொண்டே, லண்டன் பரீட்சை எழுதியவரும் சேரக்கூடிய பயிற்சி வழியொன்றை அரசு திறக்கவேண்டும். ஒவ்வொருவர் கையிலும் நியமனக் கடிதம் இருக்கவேண்டும். ஆண்டு முழுவதற்கும் சம்பளம், பிடித்த நிதி கட்டிய சிட்டை, ஐந்தாவது ஆண்டைத் தாண்டும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கவேண்டும். பெற்றோர் அடுத்த சந்திப்பில் இதைக் கேட்கத் தொடங்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரச நியமனமும் இந்த வேலையும் ஒரே மரியாதையோடு ஒரு பட்டதாரியின் முன்னால் நின்று, அவள் இரண்டையும் பார்த்து, எனக்கு இதுதான் பிடிக்கிறது என்று ஒன்றைத் தேர்ந்தால், அதைத் தெரிவு என்று சொல்லலாம். அன்று அவளைப் புகழ்ந்தால், அந்தப் புகழில் யாருக்கும் பழி இருக்காது.